நாலு வரிசைச் செங்கல்

என் மனைவி பட்டதாரி. எங்கே தொடங்கினாலும் கடைசியில் நான் இந்த வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்வேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புவியியல் பட்டதாரி. வயது நாற்பத்தேழு. இருபத்து மூன்று வருஷமாகத் தபால்காரி.

நான் கொத்தனார். கோபக்காரன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைச் சம்பாதிக்க நானும் கொஞ்சம் உழைத்திருக்கிறேன். அவள் படித்த ஐந்து வருஷமும் யாராவது இளித்துக்கொண்டு, "என்ன மேஸ்திரி, உங்க வீட்டம்மா இன்னும் காலேஜுக்குப் போறாங்களாமே" என்று கேட்டால், கலவைச் சட்டியை அவர் காலடியில் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். அதற்கு மேல் பேச்சு வளராது.

அவளைப் படிக்கத் தூண்டியது ஆசை இல்லை, ஆத்திரம். எங்கள் ஊரே ஒரு சரிவு. ரயிலடி கீழே, தபால் நிலையம் மேலே, நடுவில் வளைந்து வளைந்து ஏறும் தெருக்கள், படிக்கட்டுச் சந்துகள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தபால் போடும் தெருக்களை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார். ஆளுக்கு ஒன்பது கிலோமீட்டர். இவளுக்கு விழுந்தது முழுக்க மேட்டுப் பக்கம்.

"சார், ரயிலடியில ஒம்பது கிலோமீட்டரும் மேட்டுத் தெருவுல ஒம்பது கிலோமீட்டரும் ஒண்ணா?" என்று கேட்டிருக்கிறாள்.

"மேப்புல ஒண்ணாத்தாம்மா இருக்கு."

"அப்ப மேப்பு தப்பு சார்."

"சரி, நீங்களே ஒண்ணு போட்டுக் கொண்டு வாங்க" என்றாராம் அவர். அறையில் எல்லோரும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "மேப்பு போடப் படிக்கப் போறேன்" என்றாள். அதற்கு நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "முட்டி வலிக்கு மருந்து வாங்குவியா, அத விட்டுட்டு மேப்பு போடறேங்கற" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மதியத்துக்கு மேல் நடக்கும் பகுதி நேரப் பட்டப்படிப்பு இருந்தது. விண்ணப்பம் போட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சீருடையில் இவள். "பதிவுத் தபால்" என்று ஓர் உறையை நீட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாதாரணமாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வந்த சேர்க்கைக் கடிதம் அது. எங்கள் தெரு அவள் பொறுப்பில் இருந்தது.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. சுருட்டின வரைபடங்கள், கலர் பென்சில்கள், தேய்த்துத் தேய்த்து மாவு மாதிரி குவிந்த அழிப்பான் தூள். ஒரு பக்கம் பள்ளிக்கூடம் போகும் மகள், மறுபக்கம் பல்கலைக்கழகம் போகும் அம்மா, நடுவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். புள்ளியியல் தாளில் முதல் தடவை முப்பத்தொரு மதிப்பெண் வாங்கித் தோற்றாள். தாள் திருத்தின மனிதரை நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கும்போது, "அப்பா, அம்மா ஆறு கேள்விய எழுதாமலே வந்துட்டாங்க" என்றாள் மகள். நான் அந்த மனிதரை விட்டுவிட்டு, கேள்வித் தாளைத் திட்டினேன். அடுத்த முறை அறுபத்தெட்டு வாங்கினாள்.

வகுப்பில் இவளுக்கு மரியாதை வந்தது சம உயரக் கோடுகளால். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை எல்லாம் சேர்த்து வரைபடத்தில் போடும் கோடுகள் அவை. கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று விரிவுரையாளர் கேட்டிருக்கிறார். செங்குத்தான சரிவு என்று எழுதிவைத்ததை ஒரு பெண் படித்திருக்கிறாள். இவள் எழுந்து, "அங்க மூச்சு வாங்கும் சார்" என்றாளாம். வகுப்பு சிரித்ததாம். விரிவுரையாளர் சிரிக்காமல், "இவங்க ஒருத்தங்கதான் மேப்பப் படிச்சிருக்காங்க, நீங்கள்லாம் புத்தகத்தப் படிச்சிருக்கீங்க" என்றாராம். இவளைவிடப் பத்து வயது சின்னவர் அவர். அளவு விஷயத்தில் கறார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்யாணத்துக்குக் காரணம் ஒரு கல்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தபால் நிலையத்தின் வாசல் படிகள் உள்வாங்கிவிட்டன. இடித்துக் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். படியை ஒட்டின சுவரில், அடியில், ஒரு கருங்கல் பதித்திருந்தது. அதில் ஒரு கோடும் அம்புக்குறியும் செதுக்கியிருந்தது. தோளில் பையோடு வெளியே வந்த ஒரு தபால்காரப் பெண், "அந்தக் கல்ல ஒண்ணும் பண்ணிடாதீங்க. சர்வே கல்லாம், அசைக்கவே கூடாதாம்" என்றாள்.

"அசைக்காம எப்படிம்மா வேல செய்யறது?"

"தொழில் தெரிஞ்சவங்க செய்வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மதியமே அவளை ஏதோ பயிற்சிக்கு வெளியூர் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்து பார்த்தபோது புதுப் படி, புதுப் பூச்சு, சுவரில் அந்தக் கல், கீறல்கூட இல்லாமல். "அசைக்காமலே கட்டிட்டீங்களா?" என்றாள். கண் விரிந்திருந்தது. "ஆமா. தொழில் தெரிஞ்சவன்" என்றேன். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள் இந்தக் கதையைச் சொல்லுவாள். என் அக்கா வீட்டில், மகளின் பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த யாரோ ஓர் அம்மாவிடம்கூட. கடைசியில் ஒரே முடிவு: "கல்ல அசைக்காம படி கட்டினவர் இவர். அதப் பாத்துதான் எனக்குப் பிடிச்சுது."

ஐந்தாம் வருஷம் களப்பணி வந்தது. தேர்ச்சிக்கு அதுதான் முக்கியம். அதில் தவறினால் மறுபடி அந்த வருஷத்தை எழுத வேண்டும். ஆனால் மறுபடி என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் பகுதி நேரப் படிப்பை அந்த ஆண்டோடு மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். இவள் எடுத்துக்கொண்ட வேலை, அந்த அதிகாரி போடச் சொன்ன அதே மேப்பு. தபால் போடும் ஒவ்வொரு தெருவும் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து காட்டுவது.

முதல் வேலையாக ரயிலடிச் சுவரில் இருக்கும் சர்வே கல்லில் தொடங்கி, தபால் நிலையக் கல் வரை உயரத்தை அளந்துகொண்டு போக வேண்டும். மூன்று காலில் ஒரு கருவியை மட்டமாக நிறுத்தி அதன் வழியாகப் பார்க்க வேண்டும். தள்ளி நிற்கும் ஒருவர் நெட்டுக்குத்தாகப் பிடித்திருக்கும் அளவுக்கோலில் தெரிகிற எண்ணை எழுத வேண்டும். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு மேலே நகர வேண்டும். நான் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பதும் இதைத்தான். இவளுக்குக் கோல் பிடிக்க வந்தது கூடப் படிக்கும் ஒரு பெண். ஒல்லியாக இருப்பாள், கோலும் பிடிப்பாள், அதனால் குச்சி என்று பெயர்.

இரண்டு கற்களின் உயரமும் சர்வே பட்டியலில் இருக்கிறது. வித்தியாசம் முப்பத்தொரு மீட்டரும் நாற்பத்திரண்டு சென்டிமீட்டரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகலாம். இவளுக்கு வந்தது முப்பத்தொன்று எழுபத்தொன்பது.

"முப்பத்தேழு சென்டிமீட்டர் தப்பு" என்றார் மில்லிமீட்டர். "ஏழு வருஷமா ஒவ்வொரு பேட்சும் இதே கல்லுக்குத்தான் போறாங்க. எல்லாருக்கும் சரியா வந்திருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் வரலை? பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள சரியான அளவு வரலைன்னா என்னால பாஸ் போட முடியாது."

அன்று சாயங்காலம் குச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நடுவுல நாலு ரீடிங்க மட்டும் மாத்தி எழுதினாப் போதும். எல்லாரும் பண்றதுதான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"இருபத்து மூணு வருஷத்துல ஒரு முகவரிய நான் அழிச்சதில்லம்மா" என்றாள் இவள். "தப்பான வீட்டு நம்பரா இருந்தாக்கூட ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானத எழுதி, கையெழுத்துப் போடுவேன். கண்ணால பாக்காத எண்ண எப்படி எழுதறது?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அந்த ஆளுக்கு என்ன தெரியும்? நீ ஒரு அளவு சொன்னா அது தப்பா இருக்குமா? வா, இப்பவே போய்க் கேக்கறேன்" என்று சட்டையை மாட்டினேன். "எவ்வளவு தப்புன்னாரு?"

"முப்பத்தேழு சென்டிமீட்டர்."

சட்டையின் இரண்டாவது பொத்தானில் என் கை நின்றுவிட்டது. முப்பது வருஷமாகச் செங்கல் அடுக்குகிறவனுக்கு முப்பத்தேழு என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு வரிசைச் செங்கல், கலவையோடு சேர்த்து, ஒன்பதேகால். நாலு வரிசை முப்பத்தேழு.

உண்மை இதுதான். அடிச்சுவரில் கல்லைப் பிடித்திருந்த செங்கல் ஈரத்தில் உளுத்துப் போயிருந்தது. கல்லை எடுக்காமல் எந்தக் கொம்பனாலும் அதைக் கட்டியிருக்க முடியாது. எடுத்தேன். பழைய இடத்திலேயே வைத்தால் புதுப் படி அதை மூடிவிடும். அந்தப் பெண் வந்து பார்க்கும்போது கண்ணில் பட வேண்டும் என்று, நாலு வரிசைச் செங்கல் கட்டி அதன் மேல் வைத்தேன். ரசமட்டம் வைத்து, துளி பிசகாமல். படியும் உயர்ந்தது, கல்லும் உயர்ந்தது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முன்போலவே இருந்தது. அவள் கேட்டபோது ஆமாம் என்று சொன்னேன். அந்த ஆமாமில்தான் ஒரு குடும்பமே கட்டி எழுந்திருக்கிறது.

சட்டையைக் கழற்றிவிட்டு, தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். எட்டு நாள் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுபடி முதலிலிருந்து அளக்கக் கருவியை வாங்கி வந்திருந்தாள். குச்சிக்குக் காய்ச்சல். "நீங்க வாங்களேன். உங்க கைல கோல் ஆடாது" என்றாள். போனேன். விடிந்ததும் ரயிலடியில் தொடங்கினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று முறை பார்த்து எழுதினாள். குனிந்து எழுந்து அவள் முட்டி வீங்கிப் போயிருந்ததை நான் பார்த்துக்கொண்டே ஏறினேன். மதியம் தபால் நிலையப் படிக்கு வந்தோம். பூட்டியிருந்தது, தெருவில் ஆள் இல்லை. அந்தக் கல்லின் குறியில் கோலை வைத்து, நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கருவி வழியாகப் பார்த்தாள். எழுதினாள். கூட்டிக் கழித்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, வந்து படியில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் அதே முப்பத்தேழு" என்றாள். "நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன். எங்கன்னுதான் தெரியல. வயசாயிடுச்சு போல. படிச்ச வரைக்கும் போதும்."

ஐந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'போதும்' என்று வந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"நீ தப்புப் பண்ணல" என்றேன். "கல்ல நான் தூக்கி வெச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். நான் கோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எவ்வளவு?" என்றாள்.

அடிக்கப் போகிறாள், அழப் போகிறாள் என்றெல்லாம் எட்டு நாளாக நினைத்து வைத்திருந்தேன். இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவே இல்லை.

"நாலு வரிசைச் செங்கல்."

நோட்டைத் திறந்து, தேதி போட்டு, அதை எழுதிக்கொண்டாள். பேனாவை மூடினாள். "இப்ப கீழ வரைக்கும் திரும்ப அளந்துட்டு வரணும். வீட்டுக்குப் போய் உங்களப் பேசிக்கறேன்" என்றாள்.

பேசிக்கொண்டாள். அதை எழுத மாட்டேன். ஒரே ஒரு வரி மட்டும் சொல்கிறேன். "நகர்த்தினதுக்குக்கூடக் கோபமில்ல. இருபத்திரண்டு வருஷமா ஊரெல்லாம் நான் சொல்லிட்டுத் திரிஞ்சப்ப பக்கத்துல நின்னு சிரிச்சுட்டிருந்தீங்களே, அதுக்குத்தான்." மகள் எனக்காகப் பரிந்து பேச வந்து, அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மில்லிமீட்டரிடம் போய் இருவரும் சொன்னோம். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் வந்து சொல்றத நான் எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?" என்றார். நியாயமான கேள்விதான். வழக்கமாக இதற்கே நான் குதித்திருப்பேன். அன்று குதிக்கவில்லை. "சுவரைப் பாத்தா நம்புவீங்களா சார்?" என்றேன்.

போஸ்ட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். மதியம், தபால் நிலைய வாசலில், மில்லிமீட்டர், குச்சி, வரிசையில் நின்ற ஜனங்கள் என்று எல்லோருக்கும் முன்னால், நான் பூசின சுவரையும் அதை ஒட்டின படியோரத்தையும் நானே உளி வைத்துக் கொத்தினேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வெடிப்பு விடாத பூச்சு அது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. சுலபத்தில் விடவில்லை.

பூச்சு விழுந்ததும் எல்லாம் தெரிந்தது. கல்லுக்குக் கீழே என் நாலு வரிசை. சுற்றிலும் பழைய செங்கல், இது நாலும் புதுச் செங்கல். அதற்கும் கீழே, கல் முதலில் உட்கார்ந்திருந்த பழைய சுண்ணாம்புப் படுகை, கல்லின் அடியளவுக்கு அச்சு அப்படியே பதிந்தபடி. மில்லிமீட்டர் குனிந்து தாமே டேப்பைப் பிடித்தார். இரண்டு முறை பார்த்தார்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு" என்றார்.

இவளுடைய கணக்கு முப்பத்தேழு. கீழே ரயிலடியிலிருந்து, அவ்வளவு தெருவும் ஏறி வந்து, இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நான் அன்றுவரை அளவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, நெஞ்சு கொள்ளவில்லை.

மில்லிமீட்டர் நிமிர்ந்தார். ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "அப்ப ஏழு வருஷமா மத்த பேட்சுக்கெல்லாம் எப்படிச் சரியா வந்துச்சு?"

குச்சி தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கள்லாம் பட்டியலப் பாத்து எழுதியிருக்காங்க சார்" என்றாள் என் மனைவி. "நாங்க கல்லப் பாத்து எழுதினோம்."

குச்சி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அந்த 'நாங்க'வை அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மில்லிமீட்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு என்னிடம், "மேஸ்திரி, இத மறுபடியும் பூசிடாதீங்க. அடுத்த வருஷம் ரெகுலர் பசங்களுக்கு நான் காட்டணும்" என்றார். அந்த இடம் இன்னும் பூசாமல்தான் இருக்கிறது. என் தப்பைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறது. எந்தக் கொத்தனாருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது சொல்லுங்கள்.

மேப்பு போன மாதம் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத் தெருக்களை மறுபடி பிரித்தார்கள். அந்த அதிகாரியே கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதுப் பிரிவில் எங்கள் தெரு வேறொருவருக்குப் போய்விடும். ஆனால் அது அமலுக்கு வர ஒரு வாரம் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் சீருடையில் இவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"பதிவுத் தபால்" என்றாள். கனமான உறை, பல்கலைக்கழக முத்திரை. கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"ஆடுது உங்க கை" என்றாள். அடுத்த வீட்டுக்குப் போகாமல் நின்றாள். "பிரிங்க."

பட்டம் இருந்தது. முதல் வகுப்பு. அதனுடன் அவளுடைய களப்பணி அறிக்கையும் திரும்பி வந்திருந்தது. தபால் பையைத் தோளில் மாட்டியபடியே அவள் அதைப் புரட்டி, ஒரு பக்கத்தை விரித்து என் கையில் கொடுத்தாள். நான் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறவன். நின்றுகொண்டே படித்தேன்.

'உயர வேறுபாட்டுக்குக் காரணம்: குறிக்கல் இடம் மாற்றப்பட்டுள்ளது. மாற்றிய கொத்தனார் தாமாகவே முன்வந்து தெரிவித்தார். அவர் இந்த ஆய்வாளரின் கணவர். அவர் சொன்ன அளவு சரிபார்க்கப்பட்டது. அவர் சொல் நம்பத் தகுந்தது.'